அறுந்த இடத்தைப் பாருங்கள்

கிட்டார் கம்பி அறுந்தால் எல்லாரும் திட்டுவது கம்பியைத்தான். "மட்டமான ஸ்ட்ரிங்குங்கண்ணா, கடையில ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். புதிது வாங்கிப் போடுவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் அறுந்துவிடும். அடுத்த தடவை கடையை மாற்றுவார்கள், அதற்கடுத்த தடவை கம்பெனியை மாற்றுவார்கள். கிட்டாரை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான் ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கிட்டார் வாசிப்பவன். ஆடி பிறந்தால் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையோடு சீசன் சூடுபிடிக்கும். பங்குனி, சித்திரையில் கிராமத்துப் பண்டிகைகள். கச்சேரி இல்லாத மாதங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் அறுந்த கம்பியோடு வீட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அறுந்த துண்டு எங்கே?" என்றுதான். பெரும்பாலும் குப்பைக்குப் போயிருக்கும். என்ன கோளாறு என்பது அந்தத் துண்டில்தான் இருந்தது.

கம்பி நாலு இடத்தில் அறுபடலாம். பிரிட்ஜின் மேலுள்ள வெள்ளைப் பட்டையான சாடில், கழுத்தின் தலைமாட்டில் இருக்கும் நட், முறுக்குகிற கீ, கடைசியில் பித்தளை மணி கோத்திருக்கும் முனை. இரண்டு முறை ஒரே இடத்தில் அறுந்தால் கம்பி மேல் பழி போடாதீர்கள். அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

என்னிடம் வருவதில் அதிகம் சாடிலில் அறுந்தவைதான். கம்பி அழுந்தி அழுந்தி அங்கே ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், அதன் ஓரத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து சாடில் மேல் இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் சாடில் உலோகம் என்பதால் பிசிறு இன்னும் கூர்மை. இதற்கு மருந்து நாமக்கல் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும்முன் தேய்க்கிறார்களே, அந்த வாட்டர் பேப்பர்தான். 1000 நம்பரில் ஒன்று, 2000 நம்பரில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அறுந்த கம்பித் துண்டின் மேல் தாளை மடித்துச் சுற்றி, கம்பி போகிற சாய்விலேயே முன்னும் பின்னும் மெல்ல இழுங்கள். முதலில் 1000, பிறகு 2000. பள்ளத்தை ஆழமாக்கக் கூடாது, ஓரத்தை மழுக்கினால் போதும். அரம் கொண்டு தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த சாடிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

நட்டில் அறுவது குறைவு, ஆனால் முன்கூட்டியே சத்தம் கொடுத்துவிடும். கீயைத் திருப்பும்போது சுருதி ஏறாமல் நின்று, திடீரென்று 'டிக்' என்று குதித்தால் கம்பி நட்டின் காடியில் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய கம்பிக்கு வெட்டிய காடியில் தடித்த கம்பி போட்டால் இப்படி ஆகும். 2பி பென்சிலைச் சீவி, அந்தக் கரியைக் காடியில் தேய்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

கீயில் அறுவதற்குக் காரணம் முக்கால்வாசி நம் கைதான். கம்பியை நீளமாக விட்டு, பத்துப் பன்னிரண்டு சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருப்பார்கள். அது வழுக்கும், சுருதி நிற்காது, அடியில் இருக்கிற சுற்று நசுங்கும். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிய கம்பிக்கு நாலைந்து சுற்று, அதுவும் மேலிருந்து கீழாக அடுக்கு பிசகாமல் இறங்க வேண்டும். அடுத்த கீயைத் தாண்டி அரைக் கீ தூரம் விட்டு அளந்து வைத்தால் ஏறக்குறைய இந்தக் கணக்கு வந்துவிடும். வளைத்த இடத்தை நிமிர்த்தி மறுபடி வளைக்காதீர்கள். எஃகுக் கம்பி ஒரே இடத்தில் இரண்டாம் தடவை வளைவதைப் பொறுக்காது.

இனி அறாமல் பிரிந்துபோகிற கம்பியின் கதை. இதில் இரண்டு ரகம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

தடித்த கம்பிகள் ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் எஃகு, அதைச் சுற்றி நெருக்கமாகப் புரி. அக்கூஸ்டிக் கிட்டாரில் அந்தப் புரி வெண்கல வகை. 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது ஒன்று. 1974-ல் டடாரியோ கம்பெனி கொண்டுவந்த பாஸ்பர் பிரான்ஸ் இன்னொன்று. நடுக்கம்பி அறுகோணமாக இருந்தால் அதன் விளிம்புகள் புரியைப் பிடித்துக்கொள்ளும். உருண்டையாக இருந்தால் பிடிப்பு இல்லை. அந்த ரகத்தை நீட்டாக இருக்கும்போதே கட்டிங் பிளேயரால் வெட்டினால், வெட்டிய முனையிலிருந்து புரி தளர்ந்துகொண்டே உள்ளே போகும். கம்பி அறாது, ஆனால் சத்தம் செத்துவிடும். தொட்டால் 'ஙொய்' என்று இரையும். பரிகாரம் ரொம்பச் சுலபம்: முதலில் செங்குத்தாக ஒரு மடிப்பு மடியுங்கள், பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். கீயில் ஏற்றிச் சுருதி சேர்த்த பிறகு வெட்டுவது அதைவிட நல்லது. ஒருமுறை புரி தளர்ந்த கம்பியை இறுக்கிச் சரிசெய்ய வழியே இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது ரகம் மெல்லிய கம்பியில் வருவது. முதல் ஸ்ட்ரிங்கும் இரண்டாவதும் பித்தளை மணியைச் சுற்றி வந்து தன்மேலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். சுருதி ஏற்ற ஏற்ற அந்த முறுக்கு அவிழ்ந்து, கடைசியில் மணி தனியாகக் கழன்று விழும். "கம்பி அறுந்துடுச்சு" என்று கொண்டுவருவார்கள். பார்த்தால் அறுந்திருக்காது, அவிழ்ந்திருக்கும். பிரிட்ஜ் பின் போடுகிற கிட்டாரில், மணி பின்னின் நுனியில் போய் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமான காரணம். கம்பி முனையை லேசாக வளைத்து உள்ளே விட்டு, பின்னை வைத்து, கம்பியை மேலே இழுத்துக்கொண்டே பின்னை அழுத்துங்கள். மணி உள்பக்கப் பலகையின் அடியில் 'டொக்' என்று போய் நிற்பது கைக்குத் தெரியும். பழைய கிட்டாரில் அந்தப் பலகை ஓட்டை அகன்றுபோய் மணி உள்ளே ஏறிவிடும், முறுக்கு சாடில் மேலேயே வந்து உட்காரும், அங்கேயே அறும். அறுந்த பழைய கம்பிகளின் மணிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. புதுக் கம்பியை ஒரு பழைய மணிக்குள் கோத்து, அதன் சொந்த மணியோடு ஒட்டி நிற்க விட்டால், முறுக்கு அவ்வளவு தூரம் பின்னுக்குப் போய்விடும். செலவே இல்லாத வைத்தியம்.

முறுக்கு அவிழ்வதற்கு ஈயப்பற்று வைப்பதும் உண்டு. சேலம் கொலுசுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் தெருவுக்குத் தெரு வெள்ளிப் பட்டறை. என்னிடம் படிக்கிற ஒரு பையனின் அப்பாவும் பட்டறைக்காரர். கம்பியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இத நானே பத்த வச்சுக் குடுத்துரட்டுங்களா?" என்றார். "வேண்டாங்கண்ணா, வெள்ளிப் பத்துக்கு வைக்கிற சூடு இதுக்கு ஆகாதுங்க" என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது. வெள்ளியை அச்சில் இழுக்க இழுக்க முறுகிப்போகும், அவ்வப்போது நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்வார்கள். கிட்டார் கம்பி இழுத்து இழுத்து முறுகியதாலேயே பலம் பெற்றது. அதை இளக்கினால் நீண்டுகொண்டே போகும், சுருதி நிற்காது. வெள்ளிப் பற்றுக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். செல்போன் ரிப்பேர் கடையில் வைக்கிற ஈயப் பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். முறுக்கின்மேல் மட்டும் ஒரு தொடு தொட்டு எடுத்தால் போதும்.

ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. 0.012 அங்குல முதல் ஸ்ட்ரிங், முழு நீளக் கிட்டாரில் சரியான சுருதியில் நிற்கும்போது சுமார் பத்தரைக் கிலோ இழுவையைத் தாங்குகிறது. அறுவதற்கான அளவில் அது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆறு கம்பியும் சேர்ந்தால் 70 கிலோவுக்கு மேல். 'மெல்லிசு அறுகிறது, தடிப்பாகப் போடலாம்' என்று நினைப்பார்கள். அதே நீளம், அதே சுருதி என்றால், ஒற்றைக் கம்பி மெல்லிசானாலும் தடித்தாலும் ஏறக்குறைய ஒரே சுரத்தில்தான் அறும். தடிப்பு ஏறும்போது இழுவையும் சேர்ந்து ஏறிவிடுகிறதே! பிசிறைத் தடித்த கம்பி கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

இதில் மாட்டிக்கொள்வது நம் ஊர்க் கச்சேரிப் பையன்கள். பாட வருகிற அண்ணன் "ஒன்றரைக் கட்டை" என்பார். உடனே ஆறு கம்பியையும் அரைச் சுரம் ஏற்றிவிடுவார்கள். அரைச் சுரம் ஏற்றினால் இழுவை 12 சதவீதம் கூடும், முழுச் சுரத்துக்கு 26 சதவீதம். ஏற்கெனவே வாசித்துக் களைத்த கம்பி அன்றைக்கு மேடையிலேயே போகும். கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் கேப்போ வாங்கி முதல் ஃப்ரெட்டில் மாட்டுங்கள், கட்டை வந்துவிடும். செல்போன் டியூனர் இன்னொரு வில்லன். கீழ் ஈ 82 ஹெர்ட்ஸ், மேல் ஈ 330 ஹெர்ட்ஸ். சில ஆப்களில் இரண்டுக்கும் 'ஈ' என்று எழுத்து மட்டும் வரும். சுருதி தாண்டிப் போனது தெரியாமல் அடுத்த 'ஈ' வரட்டும் என்று முறுக்கினால், நாலைந்து அரைச் சுரத்துக்குள் கதை முடிந்துவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு முறுக்குவது நல்லது. அறுகிற கம்பி கண்ணுக்கு நேராக வரும்.

துருவும் சேர்ந்துகொள்கிறது. "நம்ம ஊர்லயே ஸ்டீல் பிளான்ட் இருக்கே, கம்பி ஏன் துருப்பிடிக்குது?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சேலம் உருக்காலையில் வருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கிட்டார் கம்பியின் எஃகு பொதுவாகக் கரி கூடிய ரகம். பலம் அதிகம், வியர்வை பட்டால் துருவும். சித்திரை வெயிலில் வாசித்துவிட்டு அப்படியே உறைக்குள் போட்டால் உப்பு அங்கேயே வேலை செய்யும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் வேண்டாம். புரிக்குள் அழுக்கைக் கட்டிவைக்கும்.

கொல்லிமலை மாதிரி இடத்தில், ராத்திரி, கடை கிடையாது, கம்பி போய்விட்டது. என்ன செய்வது? கீ அருகில் அறுந்திருந்தால் பழைய துண்டைக் கொண்டு முடிச்சுப் போடலாம், ஆனால் முடிச்சு நட்டுக்கும் கீக்கும் நடுவில் விழ வேண்டும். மணிப்பக்கம் அறுந்திருந்தால், கீயில் இரண்டு சுற்றைத் தளர்த்தி நீளம் எடுத்து, பழைய மணியைக் கோத்து, கம்பியைத் தன்மேலேயே ஏழெட்டு முறுக்கு முறுக்கி ஏற்றுங்கள். அந்தக் கச்சேரி வரைக்கும் நிற்கும். பிறகு புது செட் போடும்போது கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஆறையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். வாலில் கம்பி மாட்டுகிற கிட்டாரில் பிரிட்ஜ் சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றினால் அது கையோடு வந்துவிடும்.

நைலான் கிட்டாரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 1940-களில் குடல் நரம்புக்குப் பதிலாக நைலான் வந்ததிலிருந்து கிளாசிக்கல் கிட்டார் அந்த இலேசான இழுவைக்குத்தான் செய்யப்படுகிறது. நைலான் அடிக்கடி வழுக்குகிறதே என்று அதில் ஸ்டீல் கம்பி மாட்டினால், கம்பி அறாது, பிரிட்ஜ் பெயர்ந்து வரும். வழுக்கினால் பிரிட்ஜில் கட்டும்போது இரண்டு மூன்று சுற்றாகப் பின்னி, நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருண்டையாக்கிவிடுங்கள்.

அடுத்த முறை கம்பி அறுந்தால் இரண்டு துண்டையும் ஒரு காகிதத்தில் மடித்து, எந்த ஸ்ட்ரிங், எந்த இடம் என்று எழுதி, கிட்டாரோடு கடைக்கோ மாஸ்டரிடமோ கொண்டுபோங்கள். புதுக் கம்பியை அதற்கப்புறம் வாங்கலாம்.