பழைய ஜீப்பின் ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி?

பழைய வில்லிஸ் ஜீப்பிலோ அதன் வழிவந்த மகிந்திரா ஜீப்பிலோ ஸ்டியரிங் ஆடினால், பாக்ஸின் பக்கவாட்டு மூடியில் இருக்கும் ஸ்க்ரூவை ஒரு சுற்று முறுக்கிவிடுவதுதான் பல பட்டறைகளின் வைத்தியம். ஆட்டம் குறைந்தாற்போல் இருக்கும். ஆனால் வளைவில் திருப்பியதும் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாமல் இறுகி நிற்கும். மலைப்பாதையில் அது உயிராபத்து. அந்த ஸ்க்ரூ கடைசியில் தொட வேண்டியது.

1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்த ஜீப்புகளிலேயே வந்த ராஸ் வகை பாக்ஸ் இது. அமைப்பு எளிது. ஸ்டியரிங் ராடின் அடியில் சுருள் பள்ளம் வெட்டிய வார்ம்; அந்தப் பள்ளத்தில் ஓடும் இரண்டு கூம்புப் பின்கள் உள்ள லீவர் ஷாஃப்ட்.

பிரிக்கும் முன் குற்றவாளி பாக்ஸ்தானா என்று பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க, இன்னொருவர் கீழே லீவர் ஷாஃப்டின் வெளிமுனையிலுள்ள டிராப் ஆர்மைக் கவனிக்கட்டும். வீல் அசைந்தும் ஆர்ம் அசையாவிட்டால் கோளாறு பாக்ஸில். ஆர்ம் உடனே அசைந்தால் டை ராட் எண்டு, நடுவிலுள்ள பெல் கிராங்க், கிங்பின் பேரிங் ஆகியவற்றைத் தேடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி, ஹாரன் வயரை விடுவித்து, ஸ்டியரிங் வீலை எடுங்கள். டிராப் ஆர்மும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்து அடையாளம் வைத்த பிறகே புல்லர் போடுங்கள். சுத்தியலால் அடித்தால் அந்த அடி உள்ளே பின்களில் போய் இறங்கும்.

பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கிய பின், முதலில் பக்கவாட்டு மூடியைத் திறந்து லீவர் ஷாஃப்டை உருவுங்கள். பிறகு மேல்மூடி. பேரிங் குண்டுகள் சிதறும், கீழே ஒரு தட்டு வையுங்கள். மேல்மூடிக்கு அடியிலுள்ள ஷிம்களை ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். அவற்றில் சில 2 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) மட்டுமே கனமுள்ளவை. திரும்பச் சேர்க்கும்போது அவைதான் வேலை செய்யப் போகின்றன.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். கூம்புப் பின்னின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து பளபளத்தால் லீவர் போய்விட்டது. வார்மில் தேய்மானம் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் இருக்கும், ஏனென்றால் வண்டி நேராக ஓடும் நேரமே அதிகம். விரல்நகத்தால் வருடினால் அங்கே படி தட்டும். இவற்றை வெல்டு வைத்துத் தேய்த்துத் தருவதாகச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடேறிய இடத்தில் உலோகத்தின் கடினம் போய்விடும். புது பாகமே போடுங்கள். லீவர் ஷாஃப்ட் ஆடினால் புஷ்களை மாற்றி, ரீமர் ஓட்டி ஷாஃப்டுக்குப் பொருத்துங்கள். ஆயில் சீல் எப்படியும் புதிது.

இனி சேர்ப்பது. வார்மை மட்டும் குண்டுகளோடு வைத்து மேல்மூடியை இறுக்குங்கள். ராடை மேலும் கீழும் இழுத்தால் அசைவு இருக்கக் கூடாது. ஆனால் வீலை மாட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருப்பினால் லேசான பிடிப்போடு சுற்ற வேண்டும். அசைந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், இறுகினால் ஒன்றைச் சேருங்கள். பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

அதன் பிறகே லீவர் ஷாஃப்டும் பக்கவாட்டு மூடியும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள், அதுதான் நடு. வார்மின் பள்ளம் நடுவில் சற்று இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கும். நடுவைக் கடக்கும்போது மட்டும் லேசாகப் பிடிக்கும் அளவுக்கு ஸ்க்ரூவை முறுக்கி, லாக் நட்டை இறுக்குங்கள். முனைகளில் பிடித்தால் வார்ம் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்க்ரூ அதைச் சரிசெய்யாது.

உள்ளே கியர் ஆயில் ஊற்றுங்கள். ஒழுகுகிறது என்று கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. பின்கள் கிரீஸை ஒதுக்கிவிட்டு ஓடும், அது திரும்ப வந்து சேராது.

வண்டியில் ஏற்றும்போது சேஸிஸ் போல்ட்டுகளை அரைகுறையாக இறுக்கி, ஸ்டியரிங் காலம் வளையாமல் டாஷ் கிளாம்பில் தானாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு முழுதும் இறுக்குங்கள். பாக்ஸ் நடுவில், சக்கரம் நேரில், அடையாளக் கோடுகள் ஒன்றோடொன்று சேர, டிராப் ஆர்மை மாட்டுங்கள்.

முதல் ஓட்டம் ஆளில்லாத மைதானத்தில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். கழற்றிய ஸ்ப்ளிட் பின் எதையும் நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள்.