பக்கத்து வளவுக் கிணறு



நீர் அனுப்பிய வரைபடங்களை இரண்டு இரவு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். நல்லூரில், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், பன்னிரண்டு மாடி. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், மேலே நூறு தொடர்மாடி வீடுகள், நிலத்துக்கடியில் வாகனத் தரிப்பிடம். கை நல்ல கை. நாற்சார் வீட்டு முற்றத்தை மூன்று மாடிக்கு ஒன்றாகத் தூக்கி வைத்த யோசனை உம்முடைய வயதில் எனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் எல்லாத் தாளிலும் கோடு தரிப்பிடத்தின் தரையோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தாளும் சொல்லவில்லை.

ஊர் முதலில் உயரத்தைப் பற்றித்தான் கேட்கும். கோபுரத்துக்கு மேலால் கட்டலாமோ என்பார்கள். இப்போதைய கோயில் 1734இல் எழுந்தது. தெற்கு வாசலின் ஒன்பது நிலை இராசகோபுரம் குடமுழுக்குக் கண்டதோ 2011இல். நல்லூரின் வானமும் அண்மையில் மாறிய வானம்தான். இரண்டு மூன்று மாடி குறைத்தால் அந்த வாக்குவாதம் அடங்கிவிடும். குறைத்தாலும் அடங்காத விசயம் ஒன்று இருக்கிறது.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஆறு. மழைத் தண்ணீர் கல்வெடிப்புகளுக்குள் இறங்கி, உவருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணறு இதற்குச் சாட்சி: மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உப்பு. அளவு மிஞ்சி இறைத்தால் கீழேயிருக்கும் உவர் மேலே ஏறும். இதே வெடிப்புகளுக்குள்தான் எங்கள் மலக்குழிகளும் கசிகின்றன. நகரத்தின் கழிவுநீரைச் சேர்த்துக்கொண்டு போக நிலத்தடிக் குழாய் வலை கிடையாது. வளவுக்கு ஒரு கிணறு, வளவுக்கு ஒரு குழி; நாலைந்து பரப்பில் ஒரு குடும்பம் இருந்த காலத்துக்கு அது போதும்.

உம்முடைய காணி ஆறு பரப்பு. பரப்பு ஒன்று 10 பேர்ச், ஏறக்குறைய 2,720 சதுர அடி. இனி எண்ணிப் பாரும். நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் என்றால் 60,000 லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் ஆறு. கடைகளையும் அலுவலகங்களையும் நான் சேர்க்கவில்லை. தாளையடித் தண்ணீர் வருகிறதுதானே என்று முதலாளி சொல்லுவார். 2024இல் திறந்த அந்தக் கடல்நீர் நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரக் கட்டப்பட்டது, நல்ல காரியம். ஆனால் வருகிற தண்ணீருக்குத்தான் குழாய். குளித்து, கழுவி, அழுக்காகி அன்றைக்கே திரும்புகிற தண்ணீருக்கு இல்லை. குழாயில் கூட வரக்கூட, கல்லுக்குள் கூட இறங்கும்.

இதைப் படித்து அறிந்தவன் இல்லை நான். போர் முடிந்து, வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கிய காலத்தில் ஒரு மூன்று மாடி விடுதி வரைந்தேன். சபையின் அனுமதியும் கிடைத்தது. குழியைப் பின் மதில் ஓரம் தள்ளினேன். எங்கள் காணியில் அதுதான் கிணற்றுக்குத் தூரமான மூலை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாருடைய கிணறு என்று எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த மாரியில் அந்த வளவு ஆச்சி படலையில் நின்று கூப்பிட்டா. செம்பில் தண்ணீர் அள்ளித் தந்து, “மணந்து பாரும் தம்பி” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

தரிப்பிடத்தை நிலத்துக்கடியில் வைக்காதேயும். மாரியில் நீர்மட்டம் ஏறுகிற இடத்தில், அதற்குத் தோண்டிய குழியை வற்ற இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கும். சுண்ணாம்புக்கல்லுக்குள் பொந்துகளும் இருக்கும். ஒவ்வொரு தூணுக்கும் துளையிட்டுப் பார்க்காமல் அத்திவாரம் போடக்கூடாது. போதாததற்கு, திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடியிருக்கும். உம்முடைய சரிவுப் பாதை அந்த வீதியில்தான் வாய் திறக்கிறது!

சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உள்ளேயே வைக்கலாம் என்பீர். வைக்கத்தான் வேண்டும். ஆனால் அது உயிருள்ள சாமான். அழுக்கைத் தின்கிற பற்றீரியாவுக்கு நாள்தோறும் தீனி வேண்டும். இந்த வீடுகளில் பாதியை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வாங்குவார்கள். பதினொரு மாதம் பூட்டு, திருவிழாவுக்கு வீட்டுக்குப் பத்துப் பேர். பட்டினி கிடந்த பற்றீரியா மேல் ஒரே கிழமையில் பெருவெள்ளம். சராசரிக்குக் கணக்குப் பார்த்த நிலையம் அங்கேதான் தோற்கும். ஆகவே தொட்டிகளைப் பிரித்துப் போடும், ஒன்று ஓய, ஒன்று ஓட. பராமரிப்புக் காசை யார், எந்த நாட்டிலிருந்து, மாதாமாதம் கட்டுவது என்பதையும் விற்பனைக்கு முன்பே எழுதச் சொல்லும். புல்லுக்குளக் கரையில் இந்திய நன்கொடையில் எழுந்த கலாசார மையத்தைப் பாரும். பதினொரு மாடிக் கோபுரத்தோடு 2020இல் முடிந்த வேலை. மக்களுக்குக் கையளித்தது 2023 பெப்ரவரியில். இடையில் ஓடிய பேச்செல்லாம் யார் நடத்துவது, செலவு யார் தலையில் என்பதைப் பற்றியே. அரசாங்கங்கள் பின்னால் நின்ற கட்டடத்துக்கே அந்த நிலைமை.

நெருப்பையும் மறக்க வேண்டாம். 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அந்த ஊரில் தீயணைப்புப் பிரிவே இல்லை. எங்களிடம் இருக்கிறது, ஏணி உம்முடைய எத்தனையாம் மாடி வரை எட்டும் என்று நேரில் போய்க் கேளும். அந்த எண்ணுக்கு மேலே வரைகிற ஒவ்வொரு மாடியும் தன்னைத் தானே காக்க வேண்டும்.

முதலாளி கோபித்தால் வேலை போகலாம். போனால் என்னிடம் வாரும், சின்ன வீடுகள் நிறையக் கிடக்கின்றன.

வருகிற சனிக்கிழமை விடிய வாரும். ஒரு நீளக் கயிறும் கல்லும் கொண்டு வாரும். உம்முடைய காணியைச் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாவற்றிலும் நீர்மட்டம் அளந்து, நிலத்துக்குக் கீழான தாளை அங்கேயே நின்று வரைவோம். அதற்கு முதல் அந்த ஆச்சியின் வளவுக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஆச்சி இப்போது இல்லை, மகள் இருக்கிறா. ஏசினால் என்னைத்தான் ஏசுவா, நீர் பயப்படாதேயும்.