தாய்ப்பேச்சில் பாடிய ஆசிரியர்

இத்தாலிய மொழி என்றதும் உரோமையையும் தாந்தேயையும் நினைக்கிறோம். ஆனால் 1861இல் இத்தாலி ஒரே நாடாகியபோது அந்த இலக்கிய மொழியைப் பேசத் தெரிந்தோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்பது மொழியியலாளர் தூல்லியோ தெ மௌரோவின் கணிப்பு. மற்றவர்கள் தத்தம் ஊர்ப் பேச்சையே பேசினர். பள்ளிக்கூடம் அப்பேச்சைப் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்கியது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு பேச்சை இலக்கியமாக்கியவர் அல்பீனோ பியெர்ரோ.

இவர் 1916 நவம்பர் 19ஆம் நாள், தென் இத்தாலியின் பசிலிக்காத்தா மாநிலத்திலுள்ள தூர்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். மழைநீர் அரித்த களிமண் பள்ளங்கள் சூழ்ந்த ஏழைப் பூமி அது. ஊரின் உச்சியில் இரபத்தானா என்னும் பழைய குடியிருப்பு உண்டு. முன்னாளில் அராபியர் வாழ்ந்ததால் வந்த பெயர் என்பர். பிறந்து சிறிது காலத்திலேயே அவர் தாயை இழந்தார். தாயின் முகமே அறியாத இந்த ஏக்கம் பின்னாளில் அவர் கவிதைகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

படித்துப் பட்டம் பெற்று, உரோமை நகரில் வரலாறும் மெய்யியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1946 முதல் நல்ல இத்தாலிய மொழியில் கவிதை நூல்களும் வெளியிட்டார். அவற்றோடு நின்றிருந்தால் இன்று அவரை நினைப்பவர் சிலரே.

1959 செப்டெம்பரில் தூர்சிக்குப் போயிருந்த அவர், எண்ணியதற்கு முன்னரே ஊரைவிட்டு உரோமைக்குத் திரும்ப நேர்ந்தது. அந்தப் பிரிவின் வேதனையில் பிறந்த கவிதை இத்தாலியத்தில் வரவில்லை. தூர்சிப் பேச்சிலேயே வந்தது. அப்போது அவருக்கு வயது 42. அடுத்த ஆண்டே "நினைவின் பூமி" எனப் பொருள்படும் முதல் ஊர்ப்பேச்சு நூல் வெளிவந்தது.

இது எளிதான வேலையன்று. தூர்சிப் பேச்சுக்கு இலக்கியமும் இல்லை, எழுத்து மரபும் இல்லை. வாய்க்குள்ளேயே பாதி மறையும் உயிரொலியை எந்த எழுத்தால் காட்டுவது? எல்லாவற்றையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிற மாநிலத்தாருக்கு விளங்காது என்பதால் கவிதையோடு இத்தாலிய மொழிபெயர்ப்பையும் தாமே சேர்த்தார்.

ஆனால் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரிக்கப்பட்டது உண்மையில் ஒரு பழம்பொக்கிஷம். 1939இல் ஜெர்மானிய அறிஞர் லவுஸ்பெர்க், தென் லுக்கானியப் பேச்சுகளை ஆராய்ந்து, வேறிடங்களில் அழிந்துபோன பழைய இலத்தீனின் கூறுகள் அங்கு உயிரோடிருப்பதை எடுத்துக் காட்டியிருந்தார். கல்லாத விவசாயி நாவில் இலத்தீன்!

ஊர்ப்பேச்சு வேடிக்கைப் பாட்டுக்குத்தான் ஏற்றது என்று எண்ணியவர்கள் பலர். பியெர்ரோவோ மரணத்தையும் காதலையும் இறந்தோரின் நினைவையும் அதிலே பாடினார். சில இடங்களில் துயரம் அளவுக்கு மிஞ்சியதாகவே எமக்குப் படுகிறது. ஆயினும் புகழ்பெற்ற மொழியறிஞர் ஜான்பிராங்கோ கொந்தீனி அவரைப் பெரிதும் மதித்தார். பல நாட்டு மொழிகளிலும் அவர் கவிதைகள் பெயர்க்கப்பட்டன.

1992இலும் தூர்சிப் பேச்சில் ஒரு நூல் வெளியிட்டார். 1995 மார்ச் 23ஆம் நாள் உரோமையில் காலமானார்.