நிபந்தனையை நீக்கிப் பாருங்கள்

பிளஸ் டூ கணக்கில் சதம் அடித்தவர்கள்கூட பி.எஸ்சி. கணிதத்தில் ரியல் அனாலிசிஸ் வந்ததும் திணறுகிறார்கள். பள்ளியில் முறை தெரிந்தால் விடை வந்துவிடும். கல்லூரியில் விடையைப் புத்தகமே தேற்றமாகக் கொடுத்துவிடுகிறது. அது ஏன் உண்மை என்பதுதான் கேள்வி. பழக்கமில்லாத இந்தக் கேள்விக்குப் பயந்து, நிரூபணத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தப் படிப்பைப் படித்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: தேற்றத்தை அதன் நிபந்தனைகளிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையாக நீக்கி, தேற்றம் எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

கணிதம் வளர்ந்த வழியும் இதுவே. தொடர்ச்சியான சார்புகளாலான தொடர் ஒருங்கினால், அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று 1821-ல் கோஷி தன் பாடநூலில் எழுதினார். 1826-ல் ஆபெல் ஒரு சைன் தொடரைக் காட்டி, இதற்கு விதிவிலக்கு உண்டு என்றார். விஷயம் எளிதுதான்; தொடருக்குப் பதிலாக ஒரு சார்பு வரிசையிலேயே இதைப் பார்த்துவிடலாம். 0 முதல் 1 வரை எக்ஸ், எக்ஸ் வர்க்கம், எக்ஸ் கனம் என்று அடுக்கை ஏற்றிக்கொண்டே போங்கள். எல்லாமே தொடர்ச்சியான சார்புகள். 0.9-ன் 50-வது அடுக்கு 0.006-க்கும் கீழே போய்விடுகிறது; 1 மட்டும் 1 ஆகவே நிற்கிறது. ஆக, எல்லையில் கிடைக்கும் சார்பு 1-க்கு முன்புவரை பூஜ்யம், 1-ல் திடீரென்று 1. தொடர்ச்சி அறுந்துவிட்டது! ஏன்? அதே 50-வது அடுக்கில் 0.99 இன்னும் 0.6-ல்தான் இருக்கிறது. எந்த அடுக்குக்குப் போனாலும், 1-ஐ ஒட்டி இன்னும் இறங்காத எண் ஒன்று மிச்சமிருக்கும். குறிப்பிட்ட அடுக்குக்குப் பிறகு எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தே எல்லையை நெருங்கிவிட வேண்டும் என்கிற சீரான ஒருங்குதல் எதற்காக வந்தது என்று இப்போது புரியும். இதைத் தாளில் ஒருமுறை வரைந்து பார்த்தவருக்கு அந்த வரையறை மறக்காது.

செமஸ்டர் தேர்வில் புக் வொர்க்தானே கேட்கிறார்கள், இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிபந்தனை எந்த வரியில் பயன்படுகிறது என்று தெரிந்துவிட்டால் நிரூபணத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஓரிரு திருப்பங்கள்தான். மற்றதைத் தேர்வறையிலேயே கோத்துவிடலாம். மனப்பாடம் செய்தவருக்கோ ஒரு வரி மறந்தால் பக்கமே போய்விடும். எம்.எஸ்சி.க்காக ஐஐடிகளில் சேர எழுதும் ஜாம் தேர்வில் நிரூபணம் எழுதச் சொல்வதே இல்லை. கூற்று சரியா, தவறா என்று சோதிக்கும் கேள்விகளே அங்கே ஏராளம்.

இப்படிக் கூற்றை உடைத்துக்காட்டும் எதிர்க்காட்டுகளை நாமே கண்டுபிடிக்க முடியுமா என்பது அடுத்த தயக்கம். எல்லாவற்றையும் முடியாது, தேவையும் இல்லை. கெல்பாம், ஓல்ம்ஸ்டெட் எழுதிய 'கவுன்ட்டர்எக்ஸாம்பிள்ஸ் இன் அனாலிசிஸ்' இதற்கென்றே வந்த நூல். ஆனால் முதலில் சொந்தமாக முயல வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகள் போன்ற தாள்களில் கைப்பழக்கம்தான் முதலில் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதிர்க்காட்டு தேடும் இந்த வழி அல்ஜீப்ராவுக்கும் பொருந்தும். உட்குலத்தின் வரிசை குலத்தின் வரிசையை வகுக்கும் என்பது லக்ராஞ்சின் தேற்றம். அதைத் திருப்பிப் போட்டால் நிற்குமா? வரிசை 12 கொண்ட ஏ4 குலத்தில், வரிசை 6 கொண்ட உட்குலம் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தாளை எடுத்துத் தேடிப் பாருங்கள்.