சத்தத்தைக் கேட்டுப் பழுதை அறிவோம்
(இலை ஊதும் கருவி விற்கும் உறுப்பினர்களுக்கு)

பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் கருவிகளும், அதே வகை இஞ்சின் கொண்ட முதுகுத் தெளிப்பான்களும் நம் உறுப்பினர்கள் பலருடைய கடைகளில் விற்பனையாகின்றன. விற்ற சில வாரங்களில், "என்னமோ சத்தம் வருதுங்க" என்று வாடிக்கையாளர் கருவியைத் தூக்கிக்கொண்டு வருவதும் உண்டு. அந்த நேரத்தில் நாம் சொல்லும் பதிலில்தான் வாரண்டியும் கடையின் பெயரும் அடங்கியிருக்கின்றன. எனவே சத்தங்களின் பொருளை நாம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலில் மூன்று கேள்விகள் கேட்போம். சத்தம் எப்போது வருகிறது: ஸ்டார்ட் செய்தவுடனா, சூடேறிய பிறகா, வேகம் கூட்டும்போதா? கடைசியாக ஊற்றிய பெட்ரோல் எத்தனை நாள் பழையது? ஆயில் எந்த அளவில் கலக்கப்பட்டது? பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

கடகட என்ற தகரச் சத்தம்: பெரும்பாலும் சைலன்சர் போல்ட்டோ மூடியின் திருகோ தளர்ந்திருக்கும். இஞ்சின் ஆறிய பின் முடுக்கினால் போதும், செலவில்லை.

உரசும் சத்தம், அதிர்வு: காற்றாடி இறக்கை உறையில் உரசுகிறது, அல்லது கல், குச்சி அகப்பட்டு இறக்கை உடைந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். உடைந்த இறக்கையோடு ஓட்டினால் பேரிங் கெடும்; சில்லு தெறித்து ஆளையும் காயப்படுத்தும்.

திடீரென வேகம் கூடி அலறும் சத்தம்: காற்று உள்ளே செல்லும் வலையோ வெளிக்குழாயோ அடைபட்டால் காற்றாடிக்குச் சுமை குறைந்து இஞ்சின் பறக்கும். அடைப்பு இல்லையென்றால், கார்புரேட்டர் கேஸ்கெட் அல்லது ஆயில் சீல் வழியே காற்று கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே நிறுத்துக. பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறைவதால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

மந்தமான, விட்டுவிட்டு வரும் சத்தம், புகை: சோக் மூடியே இருக்கலாம், ஏர் ஃபில்டர் தூசியால் அடைந்திருக்கலாம், சைலன்சரின் வாயில் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும்.

டக் டக் என்ற தட்டல்: இதுவே அஞ்ச வேண்டியது. பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல், சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நெடுக்குக் கீறல்கள் இருந்தால், ஆயில் குறைவாகவோ இல்லாமலோ ஓடியதற்கு, அல்லது கலவையில் காற்று மிகுந்து சூடேறியதற்கு அது சாட்சி. வாடிக்கையாளருக்கும் அதைக் காட்டலாம், வாக்குவாதம் குறையும்.

டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயிலே அதற்கு உயிர். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எது சரி என்பதைக் கருவியின் கையேடு சொல்லும், ஊகம் கூடாது. இன்று பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சவ்வையும் கெடுக்கும். ஆகவே நாள்பட வைத்த கலவையை ஊற்றக் கூடாது. வேலை முடிந்து பல நாள் வைப்பதானால் தொட்டியைக் காலி செய்து, இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட வேண்டும்.

நம் உறுப்பினர்கள் உடனே செய்யக்கூடியவை இரண்டு. விற்கும் நாளிலேயே வாடிக்கையாளர் கையால் ஒரு லிட்டர் கலவையைக் கலக்க வைத்துக் காட்டுங்கள். கலவை அளவைப் பில்லிலும் எழுதி, ஆயில் பாட்டிலையும் அளவுக் குவளையையும் சேர்த்துக் கொடுங்கள். குவளையின் விலை சில ரூபாய்; ஜாம் ஆன ஓர் இஞ்சினுக்காக நாம் இழப்பது ஒரு வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவர் ஊரில் அவரைக் கேட்டு வாங்க இருந்த பத்துப் பேரையும்தான்.