சிறிய கூடம், பெரிய திரை

மும்பை முலுண்டில் நாங்கள் வசிக்கும் ஒரு படுக்கையறை வீட்டின் கூடம் 14 அடி நீளமும் 9 அடி அகலமும் உடையது. பகலில் அது வரவேற்பறை. மாலையில் மகளின் படிப்பறை. இரவு பத்து மணிக்கு மேல் பாட்டியின் படுக்கையறை. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிச் சலுகையில் அந்தக் கூடத்துக்கென 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கி வந்தோம். கடையின் உயர்ந்த கூரைக்கும் அகன்ற சுவர்களுக்கும் நடுவே அளவோடு தோன்றிய அது, வீட்டு வாசலுக்கு வந்தபோது வேறொரு பொருளாகத் தெரிந்தது. பெட்டி லிஃப்ட்டுக்குள் நுழையவில்லை. நான்கு மாடிகள் படியேறித் தூக்கி வந்தார்கள். அதன் இரு கால்களும் எங்கள் மேசையின் அகலத்தைவிட அதிக இடைவெளியில் அமைந்திருந்தன. பெட்டியைப் பிரித்த பிறகு மாற்றித் தர இயலாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். முடிவில் உறவினர் ஒருவருக்கு 9,000 ரூபாய் நட்டத்தில் கொடுத்தோம். இந்தக் கட்டுரை அந்த 9,000 ரூபாயின் பயன் என்று கொள்ளலாம்.

முதலில் அங்குலக் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விளம்பரத்தில் குறிக்கப்படும் அங்குலம் திரையின் அகலமோ உயரமோ அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான சாய்ந்த நீளம். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்தன. இன்றைய அகலத்திரை பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதம் கொண்டது. ஆகவே அங்குலம் ஒன்றாயினும் உருவம் ஒன்றன்று. பழைய 29 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். புதிய 32 அங்குலத் திரையின் உயரமோ 40 சென்டிமீட்டர்தான். பழையதைக் கொடுத்துவிட்டு ‘பெரியது’ வாங்கியவர்கள், செய்தி வாசிப்பவரின் முகம் சிறுத்துவிட்டதே என்று வியந்ததற்குக் காரணம் இதுவே. பழைய உயரத்தை ஈடுசெய்ய வேண்டுமானால் அகலத்திரையில் குறைந்தது 36 அங்குலம் வேண்டும். இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அளவுகளில் 43 அங்குலம் என்பது 95 சென்டிமீட்டர் அகலமும் 53.5 சென்டிமீட்டர் உயரமும் ஆகும். 55 அங்குலம் என்றால் அகலம் 122, உயரம் 68.5 சென்டிமீட்டர். சுற்றுச் சட்டத்துக்கு இரண்டொரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளவேண்டும்.

அடுத்தது தொலைவு. கூடத்தின் அகலம் 9 அடி என்பதால் 9 அடி தள்ளி அமர்ந்து பார்க்கிறோம் என்று எண்ணுவது பெரும்பிழை. ஒன்பது அடி என்பது 274 சென்டிமீட்டர். சோபாவின் முதுகு சுவரை ஒட்டியிருந்தாலும் நம் கண்கள் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னே வந்துவிடுகின்றன. எதிர்ச்சுவரில் மாட்டிய திரை தன் தடிமனோடும் தாங்கியோடும் 10 சென்டிமீட்டர் முன்னே நிற்கிறது. மீதம் 204 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். இந்தத் தொலைவை அளவுநாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் கடைக்குப் போகவே கூடாது.

திரைப்படம் பார்ப்பதற்குத் திரை நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தை நிரப்புவது நன்று என்று திரைத்தொழில் வல்லுநர்கள் வகுத்துள்ளனர். எளிதாகச் சொன்னால், தொலைவை 1.6-ஆல் வகுத்தால் திரையின் மூலைவிட்டம் கிடைக்கும். எங்கள் 204 சென்டிமீட்டரை வகுத்தால் 127 சென்டிமீட்டர், அதாவது 50 அங்குலம். ‘அப்படியானால் 55 அங்குலம் அவ்வளவு பெரிய தவறு இல்லையே?’ என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நல்ல பார்வையுள்ளவருக்கு, உயர்தரப் படத்தை மட்டுமே பார்ப்பவருக்கு அது தவறில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாள்தோறும் ஓடுவது திரைப்படமா?

இங்கேதான் தெளிவு பற்றிய கணக்கு வருகிறது. இயல்பான பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தொலைவில் அது 0.29 மில்லிமீட்டர். திரையிலுள்ள புள்ளியின் அளவை மில்லிமீட்டரில் கண்டு 0.29-ஆல் வகுத்தால், எத்தனை மீட்டருக்கு அப்பால் புள்ளிகள் தனித்தனியே தெரியாமல் ஒன்றாகிவிடும் என்பது விளங்கும். 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் கிடைமட்டமாக 1,920 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். ஆக 1.7 மீட்டருக்கு அப்பால் அந்தத் திரை குறையற்றதாகவே தோன்றும். இரண்டு மீட்டர் தொலைவில் அமரும் எங்களுக்கு, அதே அளவில் 3,840 புள்ளிகள் கொண்ட 4கே திரை தெளிவில் மட்டும் பார்த்தால் புதிதாக எதையும் தந்துவிடாது. 55 அங்குலத்தில் நிலைமை வேறு. அங்கே ஃபுல் எச்.டி.க்கு 2.2 மீட்டர் தேவைப்படுகிறது, எனவே 4கே பயன் தரும். ‘எச்.டி. ரெடி’ என்று எழுதி விற்கப்படுவன பெரும்பாலும் 1,366 புள்ளிகள் கொண்டவை. 32 அங்குலத்துக்கு அது போதும். அதைவிடப் பெரிய அளவில் வாங்கவேண்டாம்.

திரை எவ்வளவு நுணுக்கமானதாயினும் உள்ளே வரும் படம் சாதாரணமானதாக இருந்தால் என்ன ஆகும்? செட்டாப் பாக்ஸ் வழியே வரும் சாதாரண அலைவரிசைகளில் 576 கிடைக்கோடுகளே உள்ளன. 55 அங்குலத் திரையில் அந்தக் கோடு ஒவ்வொன்றும் 1.2 மில்லிமீட்டர் தடிமனாக விரிகிறது. படம் கலங்கலாகத் தெரியாதிருக்க நான்கு மீட்டருக்கு அப்பால் அமரவேண்டும். எங்கள் கூடத்தில் அந்த இடம் அண்டை வீட்டாரின் சமையலறையில் இருக்கிறது. 43 அங்குலத்தில் தேவைப்படும் தொலைவு 3.2 மீட்டர், 32 அங்குலத்தில் 2.4 மீட்டர். தொலைக்காட்சி தன்னுள்ளே படத்தை ஓரளவு மெருகேற்றித்தான் காட்டுகிறது. எனினும் இல்லாத நுணுக்கத்தை அதனால் படைக்க முடியாது. பாட்டி பார்ப்பது தூர்தர்ஷனும் பழைய திரைப்படங்களும். அவருக்கு அந்தப் பெரிய திரை, மங்கிய துணியைப் போர்த்தியது போல் இருந்தது. ‘இதற்கா இவ்வளவு செலவு?’ என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை.

ஆகவே திரையின் அளவைத் தீர்மானிப்பது கூடத்தின் அகலம் மட்டுமன்று. வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதும்தான். இணையவழித் திரைப்படமும் எச்.டி. விளையாட்டு ஒளிபரப்புமே பெரும்பகுதி என்றால், இரண்டு மீட்டர்த் தொலைவுக்கு 50 அங்குல 4கே பொருந்தும். சாதாரண அலைவரிசைகளே மிகுதி என்றால் 43 அங்குலத்தைத் தாண்டவேண்டாம் என்பது எம் கருத்து. முன்பெல்லாம் 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அனைத்துக்கும் 18 விழுக்காடே. வரிக்காக மட்டும் 32 அங்குலத்தோடு நின்றுவிடவேண்டிய தேவை இப்போது இல்லை.

செய்தித்தாள்களை ஒட்டி 95-க்கு 53.5 சென்டிமீட்டர் அளவில் ஒரு தாளை வெட்டிச் சுவரில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பாருங்கள். சிரிப்புக்கிடமான வேலைபோல் தோன்றும். ஆனால் கடையில் அரைமணி நேரம் நின்று அறிய முடியாதவற்றை அந்தத் தாள் சொல்லிவிடும். கதவு திறந்தால் இடிக்குமா, அலமாரியின் கதவு தடைபடுமா, பால்கனியின் வெளிச்சம் எந்த நேரத்தில் அதன்மேல் விழுகிறது என்பனவெல்லாம் தெரியும். சிறிய வீடுகளில் பால்கனிக் கதவுக்கு நேர் எதிர்ச்சுவரில் தொலைக்காட்சியை மாட்டும் வழக்கம் மிகுதி. மாலை வெயிலில் திரையில் நம் முகமே தெரிகிறது. பக்கச் சுவரில் இடம் இருந்தால் அதுவே மேல். திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். அழகுக்காகச் சுவரின் உச்சியில் மாட்டினால் கழுத்து நோகும்.

சுவரைத் துளையிடுமுன் அது எத்தகைய சுவர் என்று கேட்டறியவேண்டும். புதிய அடுக்ககங்களின் உட்சுவர்கள் பல, எடை குறைந்த காற்றறைக் கற்களால் ஆனவை. சாதாரணத் திருகுகள் அவற்றில் நாளடைவில் நெகிழ்ந்துவிடும். அவற்றுக்கென உள்ள பிடிப்பான்களைக் கேட்டு வாங்கவேண்டும். ஜிப்சம் தடுப்பில் மாட்டவே வேண்டாம். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவை முன்னரே பெறுவது நன்று.

பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவர் எவரேனும் உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இதை நாங்கள் முற்றிலும் மறந்திருந்தோம். பாட்டியின் திவான் கூடத்தின் ஓரத்தில் கிடக்கிறது. அவர் திரையை மிகவும் சாய்வாகவே பார்க்கிறார். எல்.இ.டி. திரைகளில் வி.ஏ., ஐ.பி.எஸ். என இருவகை உண்டு. வி.ஏ. வகையில் கருமை ஆழமாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். வகையில் இருட்டுக் காட்சிகள் சற்றே சாம்பல் பூத்தாற்போல் தோன்றினாலும் எப்பக்கத்திலிருந்தும் நிறம் பெரிதும் மாறாது. ஓ.எல்.இ.டி. இரண்டிலும் சிறந்தது, விலை அதற்கேற்ப ஏறும். விற்பனையாளருக்கு இந்தப் பெயர்கள் தெரியாவிட்டாலும் கவலையில்லை. திரையின் ஓரத்துக்குச் சென்று நின்று ஒரு முகத்தைப் பாருங்கள். தோலின் நிறம் வெளுத்தால் உங்கள் கண்ணே சொல்லிவிடும். கடையில் எல்லாத் தொலைக்காட்சிகளும் கண்ணைப் பறிக்கும் ஒளிநிலையில், அதற்கெனவே எடுக்கப்பட்ட படங்களோடு ஓடுகின்றன. ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’ நிலைக்கு மாற்றிக் காட்டும்படியும், சாதாரண அலைவரிசை ஒன்றை வைக்கும்படியும் கேட்பது நம் உரிமை.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கி உள்ளன. சுவரில் மாட்டினால் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. செவித்திறன் குறைந்த பெரியவர் ஒலியைக் கூட்டுவார், படிக்கும் பிள்ளை முகம் சுளிக்கும். எளிய சவுண்ட்பார் ஒன்று இந்த வழக்கைத் தீர்க்கும். தனி சப்வூஃபர் உள்ளது வேண்டாம், அதன் அதிர்வு பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டும். எச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்றேனும் இருக்கட்டும். அவை பின்புறம் நேராக இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் சுவரில் மாட்டிய பின்னும் கை எட்டும். ‘ஸ்மார்ட்’ வசதிகளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எமக்கு உடன்பாடில்லை. மென்பொருள் நான்கைந்து ஆண்டுகளில் மந்தமாகிவிடும். அப்போது சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். திரையை அப்படி மாற்ற முடியாது.

இனி பணம். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற சொற்றொடர் நம்மில் பலரை ஒரு படி பெரிய திரைக்கு இழுத்துச் செல்கிறது, எங்களையும் இழுத்தது. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. இன்று நடப்பது என்னவெனில், வட்டிக்கு ஈடான தொகையைக் கடையோ தயாரிப்பாளரோ தள்ளுபடியாகத் தருகிறார். வங்கி வட்டியை வழக்கம்போல் கணக்கிடுகிறது. 30,000 ரூபாய்த் தொலைக்காட்சிக்கு மாதம் 5,000 வீதம் ஆறு தவணை என்று கொள்வோம். ஆண்டு வட்டி 15 விழுக்காடு என்றால் கடன் தொகை ஏறத்தாழ 28,730, வட்டி 1,270. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 229 ரூபாய் நம்முடையது. நடைமுறைக் கட்டணமும் அதற்குரிய வரியும் தனி. தொகை சிறிதுதான். ஆனால் ரொக்கமாகச் செலுத்துபவருக்கும் அந்த 1,270 ரூபாயைத் தள்ளுபடியாகத் தருவீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம். பல கடைகளில் தருகிறார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் தவணை தானாக நின்றுவிடும் என்று எண்ணவேண்டாம். வங்கியிடம் தனியே தெரிவித்து உறுதிசெய்துகொள்ளவேண்டும். நுகர்பொருள் கடனும் நம் கடன் வரலாற்றில் பதிவாகிறது. அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் கோர இருப்பவர் ஒரு தவணையையும் தவறவிடலாகாது.

மின்செலவும் விலையின் பகுதியே. 80 வாட் திரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 146 யூனிட் ஆகும். நட்சத்திரக் குறியீட்டு ஒட்டுத்தாளில் ஆண்டு மின்நுகர்வு அச்சிடப்பட்டிருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு தொலைக்காட்சிகளை அந்த எண்ணால் ஒப்பிடலாம்.

பொருள் வீட்டுக்கு வந்ததும் பொருத்துநர் முன்னிலையிலேயே பெட்டியைப் பிரித்து, முழுவெள்ளைப் படம் ஒன்றை ஓடவிட்டுக் கரும்புள்ளிகள் உண்டா என்று பார்த்துவிடவேண்டும். வரிசை எண் ரசீதிலும் திரையின் பின்புறத்திலும் ஒன்றாக உள்ளதா என்று சரிபார்க்கவேண்டும். குறை இருந்து கடை செவிசாய்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அட்டைப்பெட்டியைத் திருப்பித் தரும் காலம் முடியும்வரை எறியவேண்டாம். சிறிய வீட்டில் அது பெரும் இடைஞ்சல்தான், எங்களுடையது கட்டிலுக்கு அடியில் பத்து நாள் கிடந்தது.

இரண்டாம் முறை 43 அங்குலம், ஐ.பி.எஸ். வகையில் வாங்கினோம். கடைக்குப் போகுமுன் செய்தித்தாளை வெட்டி ஒட்டியபோது பாட்டி தம் திவானில் அமர்ந்து, ‘இன்னும் ஒரு சாண் இடப்பக்கம்’ என்றார். அந்த இடத்தில்தான் இப்போது திரை இருக்கிறது.