இல்லாத ஊரில் ஒரு கடைத்தெரு



பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்கிற நமக்கு, கணிப்பொறியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி எதுவும் இல்லை. ஒரு தேவை வந்தது, அதனால் கற்றுக்கொண்டோம். கற்றதை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவை என்னவென்றால், மறைந்த நம் தம்பியின் பங்குப் பணம் நம் பொறுப்பில் இருக்கிறது. அவருடைய மகன் பி.காம். முடித்துவிட்டு நம் கடையிலேயே பில் போடுகிறான். 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள், கடை சாத்தும் நேரத்தில் வந்து நின்றான். "பெரியப்பா, அப்பா பங்கில் மூணு லட்சம் வேணும். இன்டர்நெட்டில் ஒரு உலகம் இருக்கு. அங்கே மனை வாங்கிப் போடப் போறேன்" என்றான். பணம் அவனுடையது. 'முடியாது' என்று ஒரே சொல்லில் மறுக்க நமக்கு உரிமை இல்லை. விவரம் தெரியாமல் எடுத்துக் கொடுக்கவும் மனம் வரவில்லை. "இரண்டு வாரம் பொறு. நீ சொல்லும் ஊரை நாமும் பார்க்கிறோம்" என்றோம். அன்று முதல் தினமும் இரவு எட்டரை மணிக்கு மேல் அவனோடு உட்கார்ந்து பாடம் கேட்டோம்.

அது எப்படிப்பட்ட ஊர்?

இத்தகைய உலகங்கள் பல உண்டு. இவற்றுள் நீண்ட காலம் நிலைத்து நிற்பவற்றுள் ஒன்று 'செகண்ட் லைஃப்'. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003 ஜூன் மாதம் இதைத் திறந்தது. நிறுவனர் பிலிப் ரோஸ்டேல். கணிப்பொறித் திரையில் நமக்கென ஓர் உருவம் இருக்கும். அதை நடக்கவிடலாம், பறக்கவிடலாம், எதிரே வருபவரோடு பேசவிடலாம். ஜெயித்தல், தோற்றல் இல்லாததால் இதை விளையாட்டு என்றும் சொல்ல முடியாது.

இதில் நம் கவனத்துக்குரிய செய்தி, அந்த ஊரில் உள்ள வீடு, கடை, சட்டை, செருப்பு, மரம், நாற்காலி ஆகியவற்றுள் பெரும்பாலானவை கம்பெனி செய்தவை அல்ல என்பதுதான். அங்கே வந்து போகிறவர்களே செய்தவை. பெட்டி, உருளை, பந்து போன்ற அடிப்படை வடிவங்களைச் சேர்த்தும் இழுத்தும் ஒட்டியும் பொருள் செய்கிறார்கள். செய்தவருக்கே அந்தப் படைப்பின் உரிமை என்று 2003-ஆம் ஆண்டு இறுதியில் கம்பெனி அறிவித்தது. அதன்பின் அங்கே வியாபாரம் சூடுபிடித்தது.

சரக்கும் நாணயமும்

அங்கே செல்லும் நாணயத்துக்கு லிண்டன் டாலர் என்று பெயர். பல ஆண்டுகளாக ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் என்ற கணக்கில் மாற்றப்பட்டு வந்தது. ஆக, 250 லிண்டனுக்கு ஒரு சட்டை விற்றால், கட்டணம் போக ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வரும்.

சரக்கில் புழு வைக்காது, எடை குறையாது. ஒருமுறை செய்த சட்டையை ஆயிரம் பேருக்கு விற்கலாம். கொள்முதலும் இல்லை, குடோனும் இல்லை. ஆனால் நம் தொழிலில் இல்லாத ஒரு சங்கடம் அங்கே உண்டு. வாங்கியவர் அதை நகல் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு பொருளோடும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கிறார்கள். வாங்கியவர் நகல் எடுக்கலாமா? மாற்றி அமைக்கலாமா? இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? விற்பவரே இதை முடிவு செய்கிறார். கொடுக்கும்போதே நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிடும் இந்த வழக்கம் நமக்குப் பிடித்திருந்தது. 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் போடுவதைவிட இது மேல்.

மனை போட்டவர் கதை

அங்கே பெரும் பொருள் ஈட்டியவராக உலகமே பேசியது ஆன்ஷி சுங் என்ற பெயரில் வியாபாரம் செய்த அய்லின் கிராஃப் என்ற பெண்மணியைத்தான். சீனாவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்தவர். மொத்தமாக நிலம் வாங்கி, திருத்தி, சிறு மனைகளாகப் பிரித்து விற்றும் வாடகைக்கு விட்டும் வந்தார். 2006 மே மாதம் பிசினஸ்வீக் இதழின் அட்டையில் அவருடைய திரை உருவம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், தம் சொத்து மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாக அறிவித்தார்.

தம்பி மகன் நமக்கு முதலில் காட்டியது இந்தக் கதையைத்தான். நாம் அவனைக் கேட்டோம்: "அந்த அம்மாள் மனை வாங்கிச் சும்மா போட்டாரா, அல்லது வேலை செய்தாரா?" தேடிப் பார்த்தோம். அவர் சீனாவின் ஊகான் நகரில் அலுவலகம் வைத்து, ஆட்களை அமர்த்தி, நிலத்தைத் திருத்திக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதாவது அவர் செய்தது தொழில். வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறும் என்று காத்திருப்பது வேறு.

வாடகையையும் மறக்கக்கூடாது. முழுத் தீவு ஒன்று 65,536 சதுர மீட்டர், ஏறத்தாழ 16 ஏக்கர். 2006 நவம்பரில், புதிதாக வாங்குவோருக்கு இதன் விலை 1,250 டாலரிலிருந்து 1,675 டாலராகவும், மாதப் பராமரிப்புக் கட்டணம் 195-லிருந்து 295 டாலராகவும் உயர்ந்தது. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதக் கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டணத்தை உயர்த்துவது கம்பெனியின் விருப்பம். நாணயமும் அவர்களுடையது, நிலமும் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. நம் ஊரில் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றினால் பக்கத்துத் தெருவுக்காவது போகலாம். அங்கே கட்டிய கடையைப் பெயர்த்து வேறு உலகத்துக்குக் கொண்டுபோவது எளிதன்று.

ஆள் இல்லாத கடை

2006, 2007-ஆம் ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு அங்கே கடை திறந்தன. அமெரிக்கன் அப்பேரல் என்ற துணி நிறுவனம் 2006 ஜூன் மாதம் திறந்த கடையை, ஓராண்டுக்குச் சற்று மேல் நடத்தி 2007-இல் மூடிவிட்டது. ஸ்வீடன் நாடு 2007 மே மாதம் அங்கே ஒரு தகவல் மாளிகையே திறந்தது. பளபளப்பான பல கடைகள் காற்று வாங்கிக் கிடந்தன.

காரணம் நமக்கு விளங்கியது. அந்த ஊருக்கு வருகிறவர்கள் பேச்சுத் துணைக்கு வருகிறார்கள். தங்கள் கையால் ஏதாவது செய்து பார்க்க வருகிறார்கள். கடையில் உட்கார்ந்து "வாங்க" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் யார் நிற்பார்கள்? அதே ஊரில் தானே சட்டை தைத்து, வந்தவரோடு பேசி, குறை சொன்னால் திருத்திக் கொடுத்த சிறு வியாபாரிகள் தாக்குப் பிடித்தார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூட்டம் அதிகம் உள்ள கடை பட்டியலில் மேலே வரும் என்பதால், நாற்காலி போட்டு, அதில் உட்காருகிற உருவத்துக்குச் சில லிண்டன் கூலி கொடுத்துக் கூட்டம் காட்டினார்கள். கூட்டம் இருந்தது, விற்பனை இல்லை.

வட்டி ஆசை

இப்போது சொல்வது நமக்கு வலிக்கிற பாடம். அந்த ஊரில் கின்கோ பைனான்சியல் என்று ஒரு 'வங்கி' நடந்தது. ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கும் மேல் வட்டி தருவதாகச் சொன்னது. 2007 ஜூலை இறுதியில் கம்பெனி அங்கே சூதாட்டத்தைத் தடை செய்தது. பணம் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டார்கள். ஆகஸ்டில் அந்த வங்கி கவிழ்ந்தது. சுமார் ஏழரை லட்சம் டாலர் மதிப்புள்ள பணம் மாட்டிக்கொண்டது. அரசின் முறையான அனுமதி இல்லாமல் யாரும் வட்டிக்குப் பணம் வாங்கக்கூடாது என்று, 2008 ஜனவரி 22 முதல் லிண்டன் லேப் விதி செய்தது.

இதைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. 1990-களில் 24 சதவீத வட்டி என்று ஒரு நிதி நிறுவனத்தில் நாமும் பணம் போட்டோம். நம் பேச்சை நம்பித் தம்பியும் போட்டான். கதவு பூட்டிய பிறகு அந்தப் படிக்கட்டில் இருவரும் நின்றோம். தம்பி ஒரு வார்த்தைகூட நம்மைக் குறை சொல்லவில்லை. இன்று அவன் மகன் நம் முன்னால் நிற்கிறான். அந்தக் கதையை அதுவரை அவனிடம் நாம் சொன்னதில்லை. அன்று சொன்னோம்.

கள்ளச் சரக்கும் கடையடைப்பும்

2006 நவம்பரில் 'காப்பிபாட்' என்ற ஒரு கருவி பரவியது. யார் செய்த பொருளையும் அது நகல் எடுத்துவிடும். உழைத்துச் செய்தவர்கள் கொதித்துப் போனார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? பலர் தங்கள் கடைகளை அடைத்துவிட்டார்கள்! இல்லாத ஊரிலும் கடையடைப்பு! அதை அனுமதியின்றிப் பயன்படுத்துவது விதிமீறல் என்று கம்பெனி அறிவிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஆறு வியாபாரிகள் ஒன்று சேர்ந்து, தங்கள் சரக்கை நகல் எடுத்து விற்றதாக ஒருவர் மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த நபர் நகலெடுப்பதை நிறுத்தச் சம்மதித்ததில் வழக்கு முடிந்தது. ஒருவர் தனியே கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒன்று சேர்ந்து கேட்டால் கேட்கிறார்கள். நம் சங்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை.

மனை விலை ஏறியதும் இறங்கியதும்

தம்பி மகன் வாங்க நினைத்த மனை, 2020-இல் திறக்கப்பட்ட 'டிசென்ட்ராலேண்ட்' என்ற வேறொரு உலகத்தில் இருந்தது. ஒரு மனை 16 மீட்டருக்கு 16 மீட்டர். ஃபேஸ்புக் கம்பெனி 2021 அக்டோபரில் தன் பெயரை 'மெட்டா' என்று மாற்றியதும் இத்தகைய மனைகளுக்குப் பெரும் மோகம் வந்தது. அடுத்த மாதமே அங்கே ஒரு மனைத் தொகுப்பு சுமார் 24 லட்சம் டாலருக்கு விலை போனது. 2022-இல் மோகம் தணிந்தது. மனை விலையும், அதை வாங்கப் பயன்படும் நாணயத்தின் விலையும் சேர்ந்தே வீழ்ந்தன. இத்தகைய நாணயங்களில் கிடைக்கும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 30 சதவீத வரி வந்தது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. இறங்குகிறவர்கள் முதலில் ஆடிட்டரைக் கேட்க வேண்டும்.

நாம் என்ன செய்தோம்?

இரண்டு வாரம் முடிந்தபோது முடிவை அவனிடமே விட்டோம். அவன் மனை வாங்கவில்லை. ஆனால் அந்த உலகத்தை விட்டுவிடவும் இல்லை. செகண்ட் லைஃபில் எவரும் இலவசமாகக் கட்டிப் பழகுவதற்கென்றே இடங்கள் உண்டு. சில மணி நேரத்தில், கட்டியதைத் தானே நீக்கிவிடுவார்கள். ஆனால் அதன் பிரதியை நம் கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். அங்கே அவன் நம் கடையைக் கட்டினான். அளவு நாடாவோடு வந்து வாசல், தூண், தராசு மேடை, மூட்டை அடுக்கு, கல்லா எல்லாவற்றையும் அளந்து, அப்படியே திரையில் நிறுத்தினான்.

நம் உருவத்தை அதற்குள் நடக்கவிட்டபோது ஒன்று தெரிந்தது. மூட்டை இறக்குகிற ஆளும், பில் போட நிற்கிற வாடிக்கையாளரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக "தள்ளுப்பா, தள்ளு" என்று கத்திக்கொண்டிருந்தோமே தவிர, காரணத்தை யோசித்ததில்லை. திரையில் தராசு மேடையை நான்கு இடங்களில் மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையான மேடையை இடது சுவரோரம் நகர்த்தினோம். விற்பனை இரட்டித்தது என்று பொய் சொல்லமாட்டோம். ஆனால் இப்போது கத்துவதில்லை.

நண்பர்கள் மனத்தில் வைக்க வேண்டியவை:

1. பிள்ளைகள் திரையில் ஏதோ கட்டிக்கொண்டிருந்தால் உடனே திட்டவேண்டாம். அது விரயமா பயிற்சியா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

2. அங்கே செய்து பழகுவதற்குப் பணம் தேவையில்லை. முதலில் பணத்தைக் கேட்கிறவர் யாராயினும், நின்று யோசியுங்கள்.

3. நிலமும் நாணயமும் சட்டமும் ஒருவர் கையிலேயே இருக்கும் இடத்தில், போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகைக்கு மேல் போடாதீர்கள்.

4. எந்த உலகமானாலும், அதிக வட்டி என்ற சொல்லைக் கேட்டால் கல்லாவைப் பூட்டுங்கள்.

5. வாடிக்கையாளரை "வாங்க" என்று அழைக்க ஆள் இல்லாத கடை, எந்த உலகத்திலும் நிலைக்காது.

தம்பியின் மூன்று லட்சம் அவன் மகன் பெயரில் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. அதை எதில் போடலாம் என்று இப்போது அவன் நம்மிடம் யோசனை கேட்கிறான். நாமும் அவனிடம் கேட்கிறோம்.